ஏர் ஸ்க்ரூவும் மைலேஜும்

"அண்ணே, மைலேஜ் கொஞ்சம் கம்மியா இருக்கு. பாத்து செட் பண்ணி விடுங்க."

தமிழ்நாட்டில் எந்த ஊர் டூவீலர் பட்டறையிலும் இந்தப் பேச்சு கேட்காத நாள் குறைவு. அடுத்து நடப்பதும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் செய்வார். குனிந்து, கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்னப் பித்தளைத் திருகில் திருப்புளியை வைப்பார். அரைச் சுற்றோ முக்கால் சுற்றோ திருப்புவார். இன்ஜின் சத்தம் மாறும். வண்டிக்காரர் நம்பிக்கையோடு கிளம்புவார்.

அந்தத் திருகுக்கு ஏர் ஸ்க்ரூ என்று பெயர். வண்டி சிக்னலில் நிற்கும்போது அது வைத்ததுதான் சட்டம். ஆனால் அதே வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற வேலை பெரும்பாலும் அதனிடம் இல்லை. வேறு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிவதற்கு 14.7 கிராம் காற்று வேண்டும். எடையில் சொன்னால் இது பெரிதாகத் தெரியாது. கன அளவில் சொன்னால்தான் மலைப்பு வரும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க, நம் ஊர் வெப்பத்தில், 9,000 லிட்டருக்கும் மேல் காற்று தேவை. 12 லிட்டர் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறவர், டேங்க் காலியாவதற்குள் ஒரு லட்சம் லிட்டருக்கும் அதிகமான காற்றை இன்ஜினுக்குள் இழுத்து வெளியே தள்ளிவிடுகிறார்.

பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 346 சிசி. ஒருமுறை பிஸ்டன் கீழே இறங்கும்போது அதிகபட்சம் இந்த 346 சிசி காற்றுதான் உள்ளே வரும். எடை, ஒரு கிராமில் பாதிகூட இல்லை. அதற்குச் சேர வேண்டிய பெட்ரோல் ஒரு கிராமில் நாற்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவு. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் இந்த அளவை நொடிக்கு 25 முறை கொடுத்தாக வேண்டும். கொடுப்பது மட்டுமல்ல, பனித்துளியைவிடப் பொடியாகச் சிதறடித்து, காற்றோடு கலந்து கொடுக்க வேண்டும். இத்தனையையும் மின்சாரம் இல்லாமல், சென்சார் இல்லாமல், உள்ளங்கையில் அடங்குகிற ஓர் உலோகத் துண்டு பல பத்தாண்டுகள் செய்துவந்தது.

அது நம்பியிருந்தது ஒரே ஒரு இயற்பியல் உண்மையை. குழாயில் ஓடும் காற்று குறுகலான இடத்தைக் கடக்கும்போது வேகமெடுக்கும். வேகமெடுக்கும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இந்த உறவை டேனியல் பெர்னூலி 1738-ல் வெளியான தன் நூலில் எழுதினார். குறுகிய குழாய்களில் அது எப்படி நடக்கிறது என்பதை இத்தாலிய இயற்பியலாளர் ஜொவான்னி பத்திஸ்தா வென்ச்சூரி 1797-ல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். கார்புரேட்டரின் குறுகிய கழுத்துப் பகுதி இன்றும் அவர் பெயரால்தான் வென்ச்சூரி எனப்படுகிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1893-ல், ஹங்கேரியின் தொனாத் பான்கியும் யானோஷ் சோன்காவும் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். புடாபெஸ்ட் தெருவில் பூ விற்கும் பெண் ஒருத்தி வாயால் தண்ணீரை ஊதிப் பூக்கள்மேல் தெளித்ததைப் பார்த்துத்தான் அவர்களுக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாகும் அதே காலத்தில் தெளிக்கும் ஜெட் ஒன்றை உருவாக்கிவிட்டார். அதற்கு முன் இருந்த ஏற்பாடுகள் பெட்ரோல் பரப்பின்மேல் காற்றை ஓடவிட்டு ஆவியைச் சேகரித்தன. ஆவியாகும் அளவு வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மாறியதால் அவற்றை நம்பி நெடுந்தூரம் போக முடியாது.

மீண்டும் புல்லட்டுக்கே வருவோம். அதன் கார்புரேட்டரின் கழுத்து 24 மில்லிமீட்டர் விட்டம். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து இன்ஜின் 3,000 சுற்றில் இழுக்கும்போது, தோராயமாகக் கணக்கிட்டால், கழுத்தில் காற்று நொடிக்கு 75 மீட்டர் வேகத்தைத் தொடும். மணிக்கு 270 கிலோமீட்டர்! இவ்வளவு வேகத்துக்கும் அங்கே குறைகிற அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான். கீழே இருக்கும் ஃப்ளோட் சேம்பரில், அதாவது பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தில், வெளிக்காற்றின் முழு அழுத்தம் இருக்கிறது. மேலே கழுத்தில் சற்றுக் குறைவு. அந்த மூன்று சதவீத வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட்டின் நுண்துளை வழியே மேலே ஏற்றிக் காற்றில் தெளிக்கிறது. கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் வளிமண்டலம்தான் அதைத் தள்ளிவிடுகிறது.

சென்னைக்கும் இந்தக் கருவிக்கும் பழைய உறவு உண்டு. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரித்தன. ஆரம்பகால வண்டிகளில் இருந்தது பர்மிங்ஹாமின் ஏமல் கார்புரேட்டர். பிற்பாடு ஜப்பானின் மிக்குனி வடிவமைத்த விஎம் வகை வந்தது. சென்னையில் யூகால் நிறுவனம் மிக்குனியின் கூட்டோடு கார்புரேட்டர் செய்யத் தொடங்கி, டூவீலர் உலகத்துக்கு மிக்கார்ப் என்ற பெயரைப் பழக்கியது. இந்த அத்தியாயம் பேசப்போவது பெரும்பாலும் இந்த விஎம் வகையைப் பற்றித்தான். எளிமையானது, கழற்றி மேசையில் பரப்பினால் எந்த உறுப்பு எதற்கு என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பரப்பிப் பார்த்தால் முதலில் கையில் வருவது உருளை வடிவ ஸ்லைடு. ஆக்ஸிலேட்டர் கேபிள் நேராக இதைத்தான் பிடித்து இழுக்கிறது. கைப்பிடியைத் திருகத் திருக ஸ்லைடு மேலே ஏறி, காற்று போகும் வழியைத் திறக்கும். ஸ்லைடின் அடியில், ஏர் ஃபில்டரைப் பார்த்த பக்கம், ஒரு சாய்வான வெட்டு இருக்கும். ஸ்லைடின் நடுவிலிருந்து ஒரு நீண்ட ஊசி தொங்கும். ஊசியின் மேல்முனையில் ஐந்து பள்ளங்கள். அதில் ஏதோ ஒன்றில் ஒரு மெல்லிய லாக். ஊசியின் கூர்முனை கீழே ஒரு குழாய்க்குள் இறங்கி நிற்கும். குழாயின் அடியில் மெயின் ஜெட். பக்கத்தில் ஒல்லியாக இன்னொரு ஜெட். பைலட் ஜெட் என்றும் ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள்.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் சம அளவில் வேலை செய்வதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். கைப்பிடி மூடியிருக்கும் நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் கலவையை ஆள்கின்றன. எட்டில் ஒன்றிலிருந்து கால்வரை ஸ்லைடின் அந்தச் சாய்வு வெட்டு. காலிலிருந்து முக்கால்வரை ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கோடு போட்டது போல் இருக்காது. ஒன்று தேயத் தேய அடுத்தது தலையெடுக்கும். மெயின் ஜெட் அகலமாக இருந்தாலும் ஐடிலிங் கெடாது என்பதும், ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் முழு வேகத்தில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் ஏறக்குறைய மாறாது என்பதும் இதனால்தான்.

அப்படியானால் மைலேஜை முடிவுசெய்யும் இடம் எது? சாதாரணமாக ஓட்டும்போது கைப்பிடி எந்த அளவு திறந்திருக்கிறதோ அந்த இடம். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு துண்டு வெள்ளை டேப் போதும். கைப்பிடி உறையில் ஒரு கோடு. பக்கத்தில் நகராத பாகத்தில் டேப்பை ஒட்டி மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று ஐந்து கோடுகள். வண்டியை எடுத்துக்கொண்டு போய், மிஸ்ஸிங் அடிக்கும்போதும் திணறும்போதும் எந்தக் கோட்டில் கை இருக்கிறது என்று பார்த்தால் குற்றவாளி யார் என்று பாதி தெரிந்துவிடும். சமதளத்தில் தனியாளாக 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் கைப்பிடி கால் கோட்டைச் சுற்றியே நிற்பதைப் பார்க்கலாம். அங்கே ஸ்லைடும் ஊசியும்தான் பெரிய பங்காளிகள். பைலட் ஜெட்டின் பங்கும் கொஞ்சம் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். மைலேஜுக்காக ஏர் ஸ்க்ரூவை மட்டும் திருப்புகிறவர், அந்தக் கொஞ்சத்தைத்தான் திருப்புகிறார்.

ஏர் ஸ்க்ரூவுக்கு அதற்கே உரிய வேலை இருக்கிறது. அதை முறையாகச் செய்வது அழகான ஒரு கைவேலை. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில் மற்றவை சரியாக இருக்க வேண்டும். அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தேய்ந்த பாயின்ட், இடைவெளி தப்பிய வால்வு, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வெடித்துப்போன ரப்பர் இணைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் திருகைத் தொடுவது வீண். அந்த ரப்பர் வெடிப்பு குறிப்பாக ஏமாற்றக்கூடியது. கணக்கில் வராத காற்று அதன் வழியே நுழைந்து கலவையை மெலிதாக்கிவிடும். கார்புரேட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆளுக்கு ஆள் திருகிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு இன்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும். பத்து நிமிட ஓட்டம். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சுவரில் படியும். அந்த நிலையில் வைக்கும் எந்த அளவும் பத்து நிமிடத்தில் பொய்யாகிவிடும். சூடானதும் இன்ஜினை அணைத்து, ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, உட்காரும் இடத்தில் நிறுத்த வேண்டும். விரல் நுனியின் பலம் போதும். இறுக்கினால் அதன் கூம்பு முனை, உட்காரும் துளையை நசுக்கிவிடும். பிறகு அந்தக் கார்புரேட்டரில் நுட்பமான செட்டிங்கை எதிர்பார்க்க முடியாது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. அதுதான் தொடக்கப் புள்ளி.

இப்போது ஸ்டார்ட் செய்து, ஸ்லைடைத் தாங்கும் ஐடிலிங் ஸ்க்ரூவால் சுற்றைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பு, நிறுத்து, கேள். இன்ஜின் பதில் சொல்ல ஐந்தாறு நொடி எடுக்கும். அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சரியான கலவையை நெருங்க நெருங்கச் சுற்று தானாக ஏறும், புல்லட்டின் அடி சீராகும். தாண்டிப் போனால் சுற்று இறங்கும், ஒன்றிரண்டு அடி தவறும். உச்சியில் நிறுத்தி, ஐடிலிங் ஸ்க்ரூவால் சுற்றைக் குறைத்து, மறுபடி ஒருமுறை கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். சுற்று குறைந்த நிலையில் காது இன்னும் கூர்மையாக வித்தியாசத்தைப் பிடிக்கும்.

உச்சி ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட சுற்றில் கிடைத்தால் பைலட் ஜெட் சரியான அளவு. மூன்று சுற்று வெளியே எடுத்தும் இன்ஜின் இன்னும் காற்று கேட்டால் ஜெட் பெரிது. அரைச் சுற்றுக்குள் மூடியும் போதவில்லை என்றால் ஜெட் சிறிது அல்லது அடைத்திருக்கிறது. திருகின் வேலை சின்னத் திருத்தம் செய்வது மட்டும்தான்.

ஐடிலிங்கில் கலவை 14.7-ஐ விடச் சற்றுச் செறிவாகவே, அதாவது பெட்ரோல் கூடுதலாகவே இருக்க வேண்டும். ஸ்லைடு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் புதுக்காற்று குறைவாக வரும். முந்தைய சுற்றில் எரிந்த புகை வெளியேறாமல் சிலிண்டரில் தங்கி, வந்த கலவையை நீர்த்துப்போகச் செய்யும். அந்தச் சூழலிலும் தீ பிடிக்க வேண்டுமே. மைலேஜ் ஆசையில் இங்கே காற்றைக் கூட்டிவைத்தால், இறக்கத்தில் கைப்பிடியை மூடும்போது சைலன்சர் படபடவென்று வெடிக்கும். எரியாமல் நழுவிய கலவை சூடான சைலன்சரில் போய்ப் பற்றிக்கொள்ளும் சத்தம் அது.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கார்புரேட்டரிலும் இந்தத் திருகு காற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. சிலவற்றில் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. திருகு ஸ்லைடுக்குப் பின்னால், ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றுத் திருகு. வெளியே திருப்பினால் கலவை மெலியும். ஸ்லைடுக்கு முன்னால், இன்ஜின் பக்கமாக இருந்தால் பெட்ரோல் திருகு. வெளியே திருப்பினால் கலவை செறியும். பட்டறையில் இரண்டுக்குமே ஏர் ஸ்க்ரூ என்றுதான் பெயர். விளைவு நேர் எதிர். ஒரு வண்டியில் கற்றுக்கொண்டதை இன்னொரு வண்டியில் அப்படியே செய்து குழம்புகிறவர்கள் ஏராளம்.

ஊசிக்கு வருவோம். லாக்கை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி மேலே ஏறும்; அதன் மெலிந்த பகுதி குழாய் வாயில் நிற்பதால் பெட்ரோல் கூடுதலாக வழியும். லாக்கை மேலே மாற்றினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். நடுப்பள்ளத்தில் இருக்கும் வண்டி சீரான ஓட்டத்தில் மந்தமாக, குடிப்பது அதிகமாக இருந்தால், லாக்கை ஒரு பள்ளம் மேலே போட்டுப் பார்ப்பது ஏர் ஸ்க்ரூவைத் திருகுவதைவிடப் பொருளுள்ள சோதனை. ஒரே ஒரு பள்ளம். பிக்கப் திணறினால் பழைய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும்.

மெயின் ஜெட்டைப் பார்த்தால் ஒரு பித்தளைக் குமிழ், நடுவில் ஒரு துளை, மேலே ஓர் எண். கெய்ஹின் நிறுவனத்தின் ஜெட்டில் 100 என்றிருந்தால் துளை சுமார் ஒரு மில்லிமீட்டர். மிக்குனியின் அறுகோண ஜெட்டில் 100 என்பது பெட்ரோல் பாயும் அளவைக் குறிப்பது. இரண்டு 100-உம் ஒன்றல்ல. ஒரு மில்லிமீட்டர் துளை 1.05 மில்லிமீட்டர் ஆனால் விட்டம் கூடியது 5 சதவீதம்தான். ஆனால் பரப்பு 10 சதவீதம் கூடும். அடைத்துக்கொண்ட ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்வது நம் பட்டறைகளில் சகஜம். பித்தளை மென்மையான உலோகம். நாலைந்து முறை குத்தினால் துளை அகன்றுவிடும், எண் மட்டும் பழையபடியே இருக்கும். ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தாலே அடைப்பு போய்விடும். இந்த ஒரு பழக்கம் மாறினாலே பல வண்டிகளின் மைலேஜ் புகார் தீரும்.

காற்றைக் கூட்டினால் இன்ஜின் சூடாகும் என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. பலருக்கு இது புதிராக இருக்கும்: பெட்ரோலைக் குறைத்தால் சூடு குறையத்தானே வேண்டும்? முழு வேகத்தில் இன்ஜின் அதிகபட்ச இழுவையைத் தருவது 12.5 முதல் 13 வரையிலான விகிதத்தில். அங்கே இருக்கும் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு சிலிண்டரைக் குளிர்விக்கிறது. அந்தக் கூடுதலைக் குறைத்து 14.7-ஐ நோக்கி நகர்த்தினால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். அதையும் தாண்டி மெலிந்தால் கலவை மெதுவாக எரியும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிதல் ஓயாமல் வால்வைச் சுட்டுக்கொண்டே இருக்கும். காற்றால் மட்டுமே குளிரும் இன்ஜினை, சித்திரை வெயிலில், பின்சீட்டில் ஆள் ஏற்றி, ஏற்றத்தில் முறுக்கும்போது இது விளையாட்டல்ல.

டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆபத்து இன்னும் நெருக்கமானது. பழைய டிவிஎஸ் 50 மொபெட் போல ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டியில், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம்வரை கியரில் போட்டு, கைப்பிடியை மூடியபடி இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டே ஆயில் கிடைக்காமல் தவிக்கும். இடையிடையே கைப்பிடியைச் சற்று முறுக்கிவிட வேண்டும் என்று மலைப்பாதைக்காரர்கள் சொல்வது அனுபவத்தில் கண்ட அறிவியல்.

கலவை எப்படி இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஸ்பார்க் பிளக். முழு வேகத்தில் சற்றுத் தூரம் ஓடி, ஓட்டத்திலேயே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டிக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் நின்ற பிறகு கழற்றினால் தெரிவது ஐடிலிங்கின் கதை மட்டும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்து, பீங்கானில் கொப்புளம் தட்டியிருந்தால் காற்று அதிகம். பழுப்பு நிறம் நல்லது. இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியில் ஈயம் கலக்காத பெட்ரோலுக்கு மாறிய பிறகு அந்தப் பழுப்பு முன்பு போல அழுத்தமாக விழுவதில்லை. பழைய புத்தகத்து வண்ணப்படத்தைப் பார்த்து வைத்த செட்டிங் தேவைக்கு மேல் செறிவாகப் போய்விடக்கூடும்.

மேட்டுப்பாளையத்தில் சீராக ஓடிய வண்டி ஊட்டியில் ஏன் புகைகிறது? மலையில் காற்று மெல்லியது, அதனால் கலவை செறிகிறது என்பார்கள். அது பாதி விடைதான். காற்று குறைந்தால், அது இழுக்கும் பெட்ரோலும் அதே அளவு குறையலாமே? குறைகிறது, ஆனால் அதே அளவு இல்லை. இன்ஜின் இழுக்கும் காற்றின் எடை, காற்றின் அடர்த்தியோடு நேராகக் குறையும். கழுத்தில் உண்டாகும் அழுத்த வித்தியாசமும் அப்படியே குறையும். ஆனால் துளை வழியே பாயும் பெட்ரோலின் அளவு, அந்த அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். காற்று 20 சதவீதம் குறைகிறது. பெட்ரோலோ 10 சதவீதம்தான் குறைகிறது. அந்த இடைவெளிதான் பிளக்கில் கரியாகப் படிகிறது. 14.7-க்கு வைத்த கார்புரேட்டர் ஊட்டியில் 13-ஐ ஒட்டிக் கொடுக்கும்.

இதே கணக்கை லடாக்கின் கார்துங் லா கணவாய்க்கு, 5,359 மீட்டருக்கு, நீட்டினால் அடர்த்தி 58 சதவீதத்துக்கு விழும், கலவை 11-ஐ ஒட்டி நிற்கும். தீப்பொறி பற்றும், ஆனால் கரும்புகையும் மிஸ்ஸிங்கும் தப்பாது. லே நோக்கிக் கிளம்பிய புல்லட்காரர்கள் சிறிய மெயின் ஜெட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனது இதற்காகத்தான். ஜெட்டை மாற்றினால் கலவை சரியாகும். இல்லாமல் போன காற்று திரும்பி வராது, அதனால் இழந்த இழுவையில் பெரும்பகுதியும் திரும்பாது. சென்னையின் மே மாத நடுப்பகலுக்கும் டிசம்பர் விடியலுக்கும் உள்ள வித்தியாசம் இதே கணக்கில் மூன்று சதவீதம்தான். பருவத்துக்குப் பருவம் கார்புரேட்டரைக் குடைய வேண்டிய அவசியம் சமவெளியில் இல்லை.

ஏர் ஸ்க்ரூவுக்கு உண்மையான அதிகாரம் உள்ள இன்னோர் இடம் புகைச் சோதனை மையம். அங்கே வண்டியை நிறுத்திவைத்து ஐடிலிங்கில்தான் அளக்கிறார்கள். 2000 மார்ச்சுக்குப் பிறகு தயாரான கார்புரேட்டர் காலத்து நான்கு ஸ்ட்ரோக் டூவீலருக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள்ளும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 4,500 பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். ஆக்சிஜன் போதாத இடத்தில் கார்பன் முழுதாக எரியாமல் மோனாக்சைடாக நிற்கும். ஆகவே அந்தத் திரையில் ஓடும் எண், பைலட் கலவையின் நேரடி அளவு. சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் அந்த எண்ணைப் பார்த்துக் கால் சுற்று திருப்பினால், காதால் கண்டுபிடித்த உச்சியை எண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம். காற்றை அளவுக்கு மீறிக் கூட்டினால் மோனாக்சைடு இறங்கும், ஆனால் தீ தவறித் தவறி எரிவதால் ஹைட்ரோகார்பன் ஏறும். இரண்டும் தாழ்ந்து நிற்கும் ஓர் இடம்தான் சரியான இடம்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 புகை விதிகளோடு புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் காலம் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. இப்போதைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் சைலன்சர் குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சார் புகையை மோப்பம் பிடித்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய பல லட்சம் வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. அவற்றுக்கு இப்போது ஒரு புதுச் சிக்கல்.

2023-ல் சில பங்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அது. எத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. அதனால் ஒரு கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்றே போதும். இருபது சதவீதக் கலவைக்குத் தேவையான விகிதம் 13.5-ஐ ஒட்டி வரும். இந்தச் சங்கதி கார்புரேட்டருக்குத் தெரியாது. துளை அதேதான், அழுத்தம் அதேதான். தூய பெட்ரோலுக்கு வைத்த அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டால் கலவை ஏறத்தாழ 8 சதவீதம் மெலிகிறது. ஊட்டியின் உயரம் கலவையை 10 சதவீதம் செறிவாக்குகிறது என்று பார்த்தோம். ஆக, தூய பெட்ரோல் காலத்தில் சென்னையில் செட் செய்து, பிறகு யாரும் கைவைக்காத பழைய புல்லட், இன்றைய பெட்ரோலில் ஊட்டியில் தன் பழைய கலவைக்கு மிக அருகில் ஓடும். சமவெளியில்தான் அது மெலிந்து ஓடுகிறது.

இதற்கான திருத்தமும் உறுப்புக்கு உறுப்பு தனித்தனி. ஐடிலிங் தடுமாறினால் காற்றுத் திருகைக் கால் சுற்று உள்ளே. சீரான ஓட்டத்தில் இழுவை விட்டுவிட்டு வந்தால் ஊசி லாக்கை ஒரு பள்ளம் கீழே. முழு முறுக்கில் வெளுத்த பிளக் சாட்சி சொன்னால் மெயின் ஜெட் ஓர் எண் பெரிது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, டேப் ஒட்டிய கைப்பிடியோடு ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்தது. மாற்றுவதற்கு முன் இருந்த அளவுகளை, எத்தனை சுற்று, எந்தப் பள்ளம், என்ன ஜெட் எண் என்று, ஆர்.சி. புக்கோடு ஒரு தாளில் எழுதி வைத்தால் அடுத்த மெக்கானிக்குக்கும் உதவும்.